ஏழையின் கண்

கண்புரையால் மங்கிய பார்வையை மீட்கும் சிகிச்சை அரை மணிப் பொழுதில் முடிவது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அதற்குக் கட்டணமும் இல்லை. குருட்டைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976-ல் ஏற்பட்டது. அதே ஆண்டில், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, வாத நோயால் முறுக்குண்ட விரல்களோடு, 11 படுக்கைகள் கொண்ட அரவிந்த் கண் வைத்தியசாலையை மதுரையில் தொடங்கினார். கொடுக்க வல்லார் தரும் பணத்தைக் கொண்டே வறியவர்க்கும் பார்வை அளிக்கலாமென்று செய்து காட்டினார். அந்நிய நாட்டினின்று பெருவிலைக்கு வந்த கண் லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே சகாயமாகச் செய்யலாயினர். சுதேசியம் என்பது இதுவன்றோ!

இவ்வளவும் இருக்க, தருமபுரி ஜில்லாவில் வழி தெரியாது தடுமாறும் முதியோர் இன்னும் இருப்பானேன்? இலவச முகாம்கள் நடந்த தென்னாட்டுக் கிராமங்களைப் பற்றி 1999-ல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, கண் குறையுடையாரில் நூற்றுக்கு 7 பேரே முகாமுக்கு வந்தனரெனக் கண்டது. மற்றையோர் வாராமைக்குக் காரணம் அலட்சியமென்று கூறுதல் அநீதி. சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ வாழும் கிழவி பஸ் கட்டணம் தேட வேண்டும். துணை வருபவர் ஒரு நாட் கூலியை இழக்க வேண்டும். துணையாக வேண்டிய மகனோ பெங்களூரிலோ திருப்பூரிலோ கூலிக்குப் போயிருக்கிறான். நாம் இலவசமென்று சொல்லும் சிகிச்சைக்கு ஏழை கொடுக்கும் விலை இது.

ஆதலின் வைத்தியமே நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும். அரவிந்த் ஸ்தாபனத்தார் 2004 முதல் கிராமங்களில் நிறுவிவரும் கண் நிலையங்களில், பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிக்க, தூரத்திலுள்ள டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் நோயாளியோடு பேசி யோசனை கூறுகிறார். மூக்குக் கண்ணாடியும் அங்கேயே கிடைக்கிறது. செலவுக்கு எங்கே போவதென்று கேட்பார்க்கு நமது விடை இது: அஸ்ஸாமில் தேயிலை பறிப்போர்க்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதைப் பெற்றவர் வேலை, பெறாதவர் வேலையினும் நூற்றுக்கு 20-க்கு மேல் மிகுந்தது. கண்ணுக்கு இடும் பணம் முதலீடேயன்றித் தருமமன்று.

அரூர், பென்னாகரம், பாலக்கோடு தாலூகாக்களின் மலையடிவாரங்களில் நிலையான கண் நிலையங்கள் வேண்டும். துணை வருவோர்க்கு ஒரு நாட் கூலியும் வேண்டும். அக்டோபர் 2-ல் கூடும் கிராம சபைகளுக்குத் தொண்டர்கள் வெறுங்கையோடு போகலாகாது. ஊரில் பார்வை மங்கியோர் ஜாபிதாவைக் கொண்டுபோய்த் தீர்மானம் நிறைவேற்றுவார்களாக.

இந்த ஜில்லாவின் பாப்பாரப்பட்டியிலேதான் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்பக் கனவு கண்டு 1925-ல் உயிர் நீத்தார். இன்று அங்கே ஆலயம் எழுந்து நிற்கிறது. அதைக் காண மாதாவின் மக்களுக்குக் கண் வேண்டாவா?