தீவக நோயாளிக்கு மருந்தோடு துணையும் வேண்டும்

நுரையீரல் புற்றுநோய் என்று ஒருவருக்கு உறுதியாகும் நாளிலேயே, அதே நோயைத் தாங்கி வந்த இன்னொருவரின் துணையும் அவருக்குக் கிடைக்க வேண்டும். யாரோ இரக்கப்பட்டுச் செய்யும் உதவியாக இது இருந்தால் போதாது. சுகாதாரத்துறை ஏற்றுக்கொண்ட, சிகிச்சையின் ஓர் அங்கமான ஏற்பாடாக இருக்க வேண்டும். வடக்கில் இதைத் தொடங்கவேண்டிய முதலிடம் தீவகம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கு நோயோடு சேர்த்துக் கடலும் குறுக்கே கிடக்கிறது.

நயினாதீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகும் ஒரு நோயாளியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். பிறகு காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பேருந்து. கிளினிக்கில் இலக்கம் வந்து, வைத்தியரைக் கண்டு, மருந்து எடுத்து முடியப் பிந்திவிட்டால் கடைசிப் படகு போய்விடும். அன்றிரவு யாழ்ப்பாணத்தில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டியதுதான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதில் இந்த நாடு பெருமைப்படலாம். ஆனால் கடற்றொழிலுக்குப் போகும் மகன் ஒரு நாள் தொழிலை விட்டால்தான் தகப்பனோடு கிளினிக்குக்குப் போக முடியும். கதிர்ச் சிகிச்சை என்றால் கிழமையில் ஐந்து நாள், சிலருக்கு ஆறு கிழமைவரை. மகன் எத்தனை நாள் தொழிலை விடுவது?

இந்தச் சுமையின் நடுவே நோயாளியின் மனதில் நிற்கும் கேள்விகள் பல. அவற்றுட் பாதியை அவர் வைத்தியரிடம் கேட்பதில்லை. வைத்தியருக்கு நேரமில்லை என்று நினைக்கிறார். இதையெல்லாம் கேட்கலாமோ என்று தயங்குகிறார். வீட்டில் கேட்டால் மனைவி அழுவா. ஆகவே கேள்விகளை உள்ளேயே வைத்துக்கொண்டு படகில் திரும்பி வருகிறார்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால், நுரையீரலின் ஒரு மடலைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றலாம். அதன் பின் சில நாள்களுக்கு நெஞ்சிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து போத்தலில் முடியும். அந்தப் போத்தலை எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று தாதி சொல்லித் தருவார். இருமல் வரும்போது துவாயைச் சுருட்டி வெட்டுக் காயத்தோடு அணைத்துப் பிடித்தால் நோவு குறையும் என்பதையும் சொல்லக்கூடும். ஆனால் வீடு திரும்பும் வழியில், பள்ளத்தில் விழுந்தெழும் பேருந்தில் எந்த இருக்கையில் இருப்பது, ஆடும் படகுக்கு எந்தக் கையை நீட்டிக் கொடுப்பது, காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் விலாப்பக்கம் விறைத்துக் கிடப்பது சாதாரணமா, சரிந்து படுக்க எப்போது முடியும் என்பவற்றை, அதையெல்லாம் அநுபவித்த ஒருவர் சொன்னால்தான் மனம் ஆறும். அவர் நேரே வந்து நின்றாலே பாதிப் பயம் தெளியும்.

சில வேளை அந்தச் சொல் உயிரையும் காக்கும். கீமோ மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்துபோகலாம். அப்போது உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல; தாமதமின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றப்பட வேண்டிய அவசர நிலை. நயினாதீவில் இரவு பத்து மணிக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும்? இரண்டு பனடோலைக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருப்பதே வழக்கம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அவசர அம்புலன்ஸ் குறிகட்டுவானைத் தாண்டி வர முடியாது. முன்பு ஒருமுறை அந்த இரவைக் கண்டவர் தொலைபேசியில் இருந்தால், காத்திருக்க வேண்டாம், தீவு வைத்தியசாலைக்கு இப்போதே போங்கள், கீமோ ஏற்றியவர் என்பதை முதலில் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள் என்று சொல்வார்.

நுரையீரல் புற்றுநோய்க்கு மற்றப் பல புற்றுநோய்களுக்கு இல்லாத ஒரு சுமையும் உண்டு. அது பழி. சுருட்டுக் குடிச்சவர்தானே, சிகரெட் விடாதவர்தானே என்ற பேச்சு, நோயாளியைப் பார்க்க வருபவர்களோடு கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. புகையிலையே இந்நோயின் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. அதை நாம் மறைக்கவோ மென்மையாகச் சொல்லவோ மாட்டோம். புகையிலையும் சுருட்டும் யாழ்ப்பாணத்தின் பொருளாதாரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர்கள், அதே புகையால் நோயுற்றவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமல்ல.

ஒருபோதும் புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பிரித்தானியாவின் புகழ்பெற்ற கலைஞர் றோய் காசில் புகைபிடிக்காதவர். புகை சூழ்ந்த இசைக் கூடங்களில் எக்காளம் வாசித்ததே காரணம் என்று கருதினார். 1994 இல் இந்நோயால் இறந்தார். அவர் பெயரில் இயங்கும் நிறுவனம் இன்றும் பிரித்தானியாவில் நுரையீரல் புற்றுநோயாளர்களுக்குத் துணை நிற்கிறது. நமது வீடுகளில் பன்னாடையும் பனைமட்டையும் ஊமலும் எரித்துச் சமைத்த அம்மாமார் எத்தனை பேர்! விறகு எரியும் வீட்டுப் புகையை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்த வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்திருக்கிறது. ஒரு தாய்க்கு நாள்பட்ட இருமல் வந்தால், ஆஸ்துமா அல்லது பழைய சளி என்று அவவே சொல்லி மாதங்களைக் கடத்திவிடுகிறா. பழிக்கு அஞ்சுபவர் நோயை ஒளிப்பார். ஒளித்தவர் பிந்தி வருவார். பிந்தி வந்தவருக்குச் சத்திரசிகிச்சைக்கான வாய்ப்பு போய்விடும். எனக்கும் இதுதான் வந்தது, நான் வெளியே சொன்னேன் என்று கூறும் ஒரு மனிதரே இந்தச் சங்கிலியை முதலில் அறுக்கிறார்.

இது புதிய யோசனை அல்ல. நியூயோர்க்கில் 1952 இல் மார்பகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தெரேசா லாசர், தன்னைப் போன்ற பெண்களை வைத்தியசாலைக் கட்டிலருகே போய்ச் சந்திக்கத் தொடங்கினார். அந்த முயற்சி உலகெங்கும் பரவியது. நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கேரளம். கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய நோவுத் தணிப்புப் பணி, மலப்புறம் முதலான மாவட்டங்களில் ஊர்த் தொண்டர்களின் வலையமைப்பாக வளர்ந்தது. கிழமைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடியவர்களைச் சேர்த்து, பதினாறு மணி நேர வகுப்பும் மேற்பார்வையுடன் நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008 இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். துணை நிற்பதால் மட்டும் கட்டி கரையாது. துணைக்குழுக்களில் சேர்ந்த மார்பகப் புற்றுநோயாளர் கூடிய காலம் வாழ்ந்தனர் என்று 1989 இல் வெளியான ஆய்வை, பின்னர் நடந்த பெரிய ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அதிலும் நோவும் மனத்துயரும் குறைந்தமை தெரிந்தது. நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை வைத்து அமெரிக்காவின் பொஸ்டனில் நடந்து 2010 இல் வெளியான ஆய்வு, தொடக்கத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததையும் மனச்சோர்வு குறைந்ததையும், அவர்கள் சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாக வாழ்ந்ததையும் காட்டியது. அந்த ஆதரவை வழங்கியவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவக் குழுவினர். ஆகவே நாம் கேட்கும் துணைவர் மருத்துவருக்கு மாற்று அல்ல. மருத்துவர் செய்வதை வீட்டு வாசல்வரை கொண்டுவருபவர்.

மறுப்புகள் வரும். இந்நோயில் தப்பியவர் மிகச் சிலர், துணைக்கு ஆளெங்கே என்பார்கள். தீவகத்தில் மட்டும் தேடினால் ஆள் போதாது. வடமாகாணம் முழுவதிலும் தேடினால் கிடைப்பார்கள். சிகிச்சையில் இருந்துகொண்டே பேசக்கூடியவர்களும், கணவரையோ தாயையோ கடைசிவரை பராமரித்தவர்களும் உண்டு. கீமோவையும் கதிர்ச் சிகிச்சையையும் பொறுத்தவரை வேறு புற்றுநோய் கண்டவரின் அநுபவமும் உதவும்.

சின்னத் தீவில் இரகசியம் தங்காது என்ற அச்சம் நியாயமானது. காலையில் சொன்னது மாலைப் படகுக்கு முன் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் நயினாதீவு நோயாளிக்கு நயினாதீவுத் துணைவர் வேண்டாம் என்கிறோம். ஊர்காவற்றுறையிலோ சாவகச்சேரியிலோ உள்ள ஒருவர் போதும். நோயாளி சம்மதித்தால் மட்டும், அவர் விரும்பும் அளவுக்கு மட்டும், முதலில் தொலைபேசியில் தொடங்கலாம்.

பிழையான ஆலோசனை சொல்லிவிடுவார்கள் என்ற கவலைக்குப் பயிற்சியே பதில். மருந்தை நிறுத்து என்றோ, நாட்டு மருந்தைத் தொடங்கு என்றோ, எனக்குச் சுகமானது உனக்கும் ஆகும் என்றோ துணைவர் சொல்லக் கூடாது. சந்தேகமான எதையும் தாதிய உத்தியோகத்தரிடம் திருப்பிவிட வேண்டும். துணைவரின் மனதையும் கவனிக்க வேண்டும். தான் துணைநின்ற மனிதர் இறக்கும்போது அவர் தன் மரணத்தையும் நினைப்பார். அவருக்கும் ஓய்வு வேண்டும். பேச ஒருவர் வேண்டும்.

நமது ஊர்களில் இதற்கான வேர் ஏற்கெனவே உண்டு. சனசமூக நிலையம் இல்லாத ஊர் அரிது. ஒருவர் இறந்தால் பந்தல் போடவும் பாடை கட்டவும் ஊர் தானாகவே கூடும். நயினை நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு வரும் பல்லாயிரம் பேருக்கும் அமுதசுரபி மண்டபத்தில் சோறு கிடைக்கும். 2011 இல் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைய நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அந்த நடையில் சேர்ந்தார்கள். பசித்தவருக்கும் இறந்தவருக்கும் கூடும் ஊர், நோயோடு வாழ்பவருக்கும் கூட வேண்டும்.

நாம் கேட்பவை பெரும் செலவு கோருபவை அல்ல. தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவில், துணைவர்களை இணைப்பதையே தன் கடமையாகக் கொண்ட ஒரு தாதிய உத்தியோகத்தர் வேண்டும். துணைவர்களுக்குப் பயிற்சியும், அவர்களின் படகு, பேருந்து, தொலைபேசிச் செலவும் வேண்டும். மேலதிகச் சிகிச்சைக்காகக் கொழும்புக்கும் மகரகமைக்கும் அனுப்பப்படும் தமிழ் நோயாளிக்கு, அங்கே தமிழில் பேசும் ஒரு துணைவர் வேண்டும். கீமோ பெறும் ஒவ்வொரு தீவக நோயாளியின் கிளினிக் கொப்பியிலும், இரவில் காய்ச்சல் வந்தால் அழைக்கவேண்டிய இலக்கமும் கடலைக் கடக்கும் ஏற்பாடும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள், கட்டடங்களுக்குக் கொடுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

மத்திய, மாகாண சுகாதார அமைச்சுகள் இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. வேலணையில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, வைத்தியர்களையும் நோயைக் கடந்தவர்களையும் ஒரே மேசையில் இருத்தி, வேலையைத் தொடங்க வேண்டும். நோயைக் கடந்து வந்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் பட்ட பாடு இன்னொருவருக்கு வழிகாட்டும். அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள்.