ஒன்பதாம் மாதத்தில் எந்த வீடு?

கர்ப்பிணித் தாய்மாருக்கான மூன்றாவது வகுப்பு பெரும்பாலும் ஒரு பையோடு முடிகிறது. தாய்க்கு மாற்றுடுப்பு, பிள்ளைக்குப் பருத்தித் துணி, சவர்க்காரம், கிளினிக் பதிவேடு என்று பட்டியலை வாசித்துக்காட்டி, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி, கேள்வி உண்டா என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். பை தேவைதான். ஆனால் ரத்தோட்டைக்கு மேலே ஒரு லயத்தில் நடு இரவில் பனிக்குடம் உடையும்போது, துணி மடித்து வைத்திருந்தார்களா என்பதில் எதுவும் தங்கியிருப்பதில்லை. அன்றிரவு அவள் யாருடைய வீட்டில் படுத்திருக்கிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார், "கிளம்பலாம்" என்று சொல்லும் வாய் யாருடையது, கீழே இறங்க என்ன வண்டி ஆகியவற்றில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் களப்பணி செய்யும் நாம், மூன்றாவது வகுப்பை இந்தக் கேள்விகளைச் சுற்றி மறுபடி கட்ட வேண்டும். பதில்களைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுக்க வேண்டும்.

நமது சேவை வென்ற இடத்திலிருந்துதான் இந்தத் தேவை எழுகிறது. களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் தொடங்கியது. 1930களின் நடுவில், மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கிய காலத்தில், ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய காலத்தில் அந்த எண் 30ஐ ஒட்டி நிற்கிறது. அநேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. எங்கே பெறுவது என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எப்போது புறப்படுவது, எப்படிப் போய்ச் சேருவது என்பவை தீரவில்லை. முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்று தட்டேயஸும் மேய்னும் 1994இல் வகுத்த மூன்றில், முதல் இரண்டும் நம் வகுப்பறைக்கு எட்டக்கூடியவை. பிரசவத்துக்கும் அதன் சிக்கல்களுக்கும் குடும்பத்தை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் திட்டங்கள் குறித்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வு, பச்சிளம் குழந்தைகளின் இறப்பு 18 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. தாய் இறப்பும் குறைந்தது போலத் தெரிந்தாலும், புள்ளிவிவர ரீதியில் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இலங்கையைவிட இறப்பு வீதம் உயர்ந்த இடங்களின் ஆய்வுகள் அவை என்பதால், அதே அளவு பலன் இங்கே கிடைக்கும் என்று வாதிட மாட்டோம். மிஞ்சியிருக்கும் இறப்பும் நோயும் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தேட அவை வழிகாட்டுகின்றன. அதுவே நமக்குப் போதும்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். மலையகத் தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது இன்றும் வலுவான வழக்கம். எல்கடுவையில் வாழ்க்கைப்பட்டவளின் தாய்வீடு நாவலப்பிட்டியில் இருக்கலாம், பதுளையில் இருக்கலாம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளையல் போட்டு அழைத்துப் போனதும், அவளை ஆறு மாதம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவிலிருந்து அவள் வெளியேறிவிடுகிறாள். அவளது குருதி அமுக்கம் போன மாதம் எப்படி இருந்தது என்பது அங்குள்ளவருக்குப் பதிவேட்டின் வழியாக மட்டுமே தெரியும். கணவன் பேசிவைத்த ஓட்டோக்காரர் இங்கே இருப்பார், நோக்காடு அங்கே வரும். இந்த வழக்கத்தைக் குறையாகப் பேசுவது நம் தொழிலுக்கு அழகல்ல. பெற்ற தாயின் கைப்பக்குவமும் அந்த வீட்டு உறக்கமும் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காது. 28ஆம் வாரத்திலேயே "ஒன்பதாம் மாதத்தில் எந்த வீட்டில் இருப்பாய்?" என்று கேட்டு, அந்த வீட்டுப் பிரிவின் உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொல்லி, தாளை அந்த வீட்டுக்காக எழுதுவதே நாம் செய்யக்கூடியது.

அடுத்தது இரவு. சிசுவின் அசைவை எண்ணும் அட்டையை எடுத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் பத்து அசைவு வராவிட்டால் உடனே வரும்படி சொல்கிறோம். பத்து வரவில்லை என்பது உறுதியாகும் நேரம் இரவு 9 மணி. கடைசி பஸ் போயிருக்கும்; தோட்டத்து வீதியில் ஏற ஓட்டோ தயங்கும்; "விடியட்டும், பார்ப்போம்" என்று பெரியவர் ஒருவர் சொல்வார். எச்சரிக்கையை இரவில் அடிக்கும்படி அமைத்துவிட்டு, இரவுக்கு வழி சொல்லாமல் விடுவது சரியாகாது. வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாக மனதுக்குப் பட்டாலே, மணி எதுவானாலும் அட்டை நிறையக் காத்திராமல் புறப்பட வேண்டும் என்பதை மாமியார் காதில் விழும்படி சொல்ல வேண்டும். கண் இருள்வதும் தலை பிளப்பதும் வெயிலில் நின்ற களைப்பாலல்ல என்பதையும் அப்படியே.

வீதியைப் பற்றி 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மண் சரிந்து வீதிகள் அறுந்தன, மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. 2016இல் தொடங்கி 2018இலிருந்து தீவெங்கும் பரந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நமக்குப் பெரிய வரம். ஆனாலும் சிக்னல் இல்லாத மலைக்கும் அறுந்த வீதிக்கும் அதுவும் வர முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 36 வாரம் கடந்தவர், முதல் கட்டமான மஞ்சள் எச்சரிக்கைக்கே கீழே இறங்கிவிட வேண்டும். எந்த உறவினர் வீட்டுக்கு இறங்குவது என்பது தாளில் முன்பே இருக்க வேண்டும்.

தூரத்துத் தாய்மாரை நாளுக்கு முன்பே வாட்டில் சேர்த்துக்கொள்கிறோமே, பிறகு எதற்கு இந்தத் தாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 34ஆம் வாரத்தில் உடையும் பனிக்குடமும் திடீர் இரத்தப்போக்கும் சேர்க்கும் திகதி வரை பொறுத்திருப்பதில்லை. சேர்ந்த தாயும், வீட்டில் மூத்த பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லை என்றால், துண்டு வெட்டிக்கொண்டு போய்விடுகிறாள். வேலைப்பளு பற்றிய முறைப்பாடு இதைவிடக் கனமானது. பல பிரிவுகளை ஒருவரே இழுத்துச் செல்கிறார் என்பது எல்லோரும் அறிந்தது. அதனால் புதிய வகுப்பு எதையும் நாம் கேட்கவில்லை. இருக்கும் மூன்றாவது வகுப்பில் பைப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தைத் தாளுக்கு எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது ஆட்சேபம் நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியது. கணவனையும் மாமியாரையும் திட்டத்துக்குள் அழைத்தால், அவளது உடலைப் பற்றிய முடிவை அவர்கள் கையில் நாமே கொடுத்துவிடுகிறோமா? அந்த ஆபத்து உண்மையானது. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு இன்னும் பெரிது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் அவளுடன் தனியே பேச வேண்டும். யாரைத் தாளில் சேர்ப்பது என்பதை அவளே சொல்ல வேண்டும். குடும்பத்தாரை அழைப்பது அதற்குப் பிறகு, அவள் எடுத்த முடிவுக்கு அவர்களைச் சாட்சியாக்க. "அறிகுறி வந்தால் யாரையும் கேட்காமல் நான் புறப்படலாம்" என்ற வரியை வீட்டுப் பெரியவர் முன்னிலையில் உத்தியோகத்தர் வாசித்துக் கேட்பித்தால், நள்ளிரவில் அவள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

பிரசவ அறைக்குள் யார் கூட இருப்பது என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளின் கொக்ரேன் தொகுப்பு (2017), இடைவிடாத துணை இருந்தால் பிரசவ நேரம் சுருங்குவதையும் சிசேரியன் குறைவதையும் காட்டியது. பெண் துணையை உள்ளே விடும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004இலேயே அரச மருத்துவமனைகளில் தொடங்கியது. நம் பிரசவ அறைகள் பலருக்குப் பொதுவானவை என்பதால் இங்கும் பெரும்பாலும் பெண்ணையே துணையாக அனுமதிக்க முடிகிறது. தந்தை வெளியே நிற்க வேண்டியிருந்தாலும் தாளில் அவருக்கு வேலை இருக்கிறது: வண்டிக்கான கைக்காசு, இரத்தம் கொடுக்க இரண்டு பேர், மூத்த பிள்ளை அன்றிரவு தூங்கும் வீடு. கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை செய்யும் தந்தையைக் கிழமை நாள் காலை வகுப்புக்கு அழைத்துப் பயனில்லை. அவர் ஊருக்கு வரும் தைப்பொங்கலையும் மாரியம்மன் தேரையும் ஒட்டி ஒரு வகுப்பு வைக்கலாம். அதற்கும் வர முடியாதவரைத் தாள் நிரப்பும் நேரம் முழுவதும் தொலைபேசியில் இணைத்துக்கொள்ளலாம்.