நீறுபூத்த நெருப்பு

கதிர்காமத்து நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்கள் உறவினர் ஒருவருக்கு க்ஷயரோகம். எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ளும்படி வைத்தியர் சொல்கிறாராம். மானமுள்ள குடும்பத்தாரிடம் இப்படிச் சொல்லலாமா, ஐயா?"

சொல்லலாம், சொல்லாமலிருப்பதே பிசகு. க்ஷயக் கிருமி புகுந்த எல்லோரும் நோயாளியாவதில்லை. பெரும்பாலோர் உடலில் அது நீறுபூத்த நெருப்பாக அடங்கிக் கிடக்கிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே ஆயுளில் என்றேனும் நோயாக மூள்கிறது. அதை அடக்கி வைப்பதில் முக்கிய பங்கு இரத்தத்திலுள்ள சில வெள்ளை அணுக்களுக்கு உண்டு. எச்.ஐ.வி. அழிப்பதோ அந்த அணுக்களையே! ஆகவே, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிக்குப் பிறருடைய ஆயுட்கால அபாயம் ஒரே வருஷத்தில் நேர்ந்துவிடலாம்.

இதற்குச் சாட்சி தாம்பரம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அங்கே க்ஷயரோகிகளுக்கென்று ஒரு சானடோரியம் நிறுவினார். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரியே எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் பெரும் புகலிடமாயிற்று. 2004 ஏப்ரலில் அரசாங்கம் எச்.ஐ.வி.க்கு இலவச மருந்து வழங்கத் தொடங்கிய முதல் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று.

எச்.ஐ.வி. உள்ள க்ஷயரோகியைக் கண்டு அஞ்சி ஓடுவோர் ஒன்றை அறிய வேண்டும். அவர் சளியில் கிருமிகள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆனால் அதனாலேயே பூதக்கண்ணாடிச் சோதனைக்கு நோய் தப்பிவிடுவதும் உண்டு. நோயுறுவோர் தொகை பெருகுவதும், நோய் வெளிப்படத் தாமதமாவதும் சேர்ந்தே ஊரில் க்ஷயத்தைப் பரப்புகின்றன. வெட்கம் அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டுகிறது.

பரிகாரம் கைவசம் இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் உட்கொண்டால் க்ஷயம் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. தடுப்பு மருந்தும் உண்டு. இரண்டும் சேர்ந்திருந்தாலும் க்ஷயத்தைக் குணப்படுத்தலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவ்விரு நோய்க்கும் மருந்து இலவசம். நோயாளியின் சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவைப் பிறருக்கு வெளியிடுவதையும் 2017-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது.

கதிர்காமத்திலேயே இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. வைத்தியர் கேட்டது குலத்தையன்று, இரத்தத்தை. நண்பரே, உறவினரைக் கையோடு அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்துக்கு மானம் அதுதான்.