கைக்குறிப்பும் செக்ரோலும்

கணினியின் பொத்தானை அழுத்துகின்றோம். திரையில் ஏதோ ஒரு சின்னம் தோன்றுகின்றது. சில விநாடிகளில் விண்டோசோ லினக்ஸோ வந்து நம்மை வரவேற்கின்றது. அந்தச் சில விநாடிகளுக்குள் ஓர் ஆட்சி மாற்றமே நடந்து முடிந்துவிடுகின்றது என்பதை நம்மிற் பலர் அறியார்.

முதலில் விழித்தெழுவது நிலைபொருள். ஆங்கிலத்தில் 'ஃபர்ம்வெயர்' என்பர். மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு சில்லில் எழுதி வைக்கப்பட்ட நிரல் அது. பிரதான நினைவகத்தை ஆயத்தஞ் செய்வதும், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமையின் கருவை எடுத்து அந்நினைவகத்தில் இறக்கி வைப்பதும் அதன் கடமை. கடமை முடிந்ததும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், காசல்ரீயும் மவுசாக்கலையும் கண்முன்னே கிடக்க இருளில் இருந்த நம் வீடுகளில், ஒரே நாளில் எத்தனை முறை இந்த ஒப்படைப்பு நடந்திருக்கும்!

ஒப்படைப்பு என்றால் கணக்கு ஒப்படைப்பும் அதில் அடங்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலையில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை, இன்னாருக்கு இத்தனை கிலோ என்று தம் சட்டைப்பையில் உள்ள சிறு புத்தகத்திற் குறித்துக்கொள்கின்றார். ஒவ்வொரு நிறுவைக்கும் மலையிறங்கி ஆபீசுக்குச் சென்று செக்ரோலிற் பதிந்துவிட்டு வருவதென்றால் பொழுது அதிலேயே போய்விடும். மாலையில் ஆறுதலாகச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அதுவரை உண்மையான கணக்கு இருப்பது செக்ரோலில் அன்று, அவருடைய சட்டைப்பையில்.

கணினியின் முறைவழியாக்கியும் இவ்வாறே செய்கின்றது. பிரதான நினைவகத்துக்குப் போய்வர ஏறத்தாழ நூறு நானோ விநாடி பிடிக்கும். முறைவழியாக்கியின் அருகிலேயே உள்ள சிறு நினைவகத்துக்கோ ஒரு நானோ விநாடி அளவே போதும். இச்சிறு நினைவகமே 'கேஷ்' எனப்படுவது. காசைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய இவ்வாறே ஒலிக்குமாயினும் இது வேறு. ஒளித்து வைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. நமது பாடநூல்கள் 'பதுக்கு நினைவகம்' என்கின்றன. அரிசி பதுக்கும் முதலாளியை நினைவூட்டும் பெயராயினும் பொருத்தமான பெயரே. 1965 இல் இவ்வெண்ணத்தை எழுதி வெளியிட்ட கேம்பிரிட்ஜ் அறிஞர் மொரிஸ் வில்க்ஸ் இதற்கு 'அடிமை நினைவகம்' என்று பெயரிட்டார். அப்பெயர் நிலைக்காமற் போனதில் எமக்கு வருத்தமில்லை. 1968 இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 360 வரிசையின் 85 ஆம் மாதிரியே, இதனைக் கொண்டு விற்பனைக்கு வந்த முதற் கணினி.

இனிச் சிக்கலுக்கு வருவோம். மாலைக்கு முன்பே கணக்கப்பிள்ளை மாறினால் என்னாகும்? புதியவர் ஆபீசுக்கு வந்து செக்ரோலைப் புரட்டுகின்றார். காலை நிறுவையெல்லாம் பழையவரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றது. முழுப் பேருக்குக் கொழுந்து பறித்தவளுக்கு அரைப் பேர் விழுகின்றது. அவளிடத்திலும் தவறில்லை, செக்ரோலிலும் தவறில்லை. நிலைபொருள் லினக்ஸின் கருவை நினைவகத்தில் எழுதியதாக எண்ணியிருக்க, அதில் ஒரு பகுதி பதுக்கு நினைவகத்திலேயே தங்கிவிட்டால் நேர்வதும் இதுவே. புதிய ஆட்சி நினைவகத்தை நேரே படிக்கும்போது, அங்கே கிடப்பது பழைய குப்பை.

இதனினும் கொடியது மற்றொன்று. பழையவர் தம் புத்தகத்தை மறந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். புதியவர் செக்ரோலைச் சரிபார்த்துத் திருத்தமாக எழுதி முடித்தார். இரண்டு நாள் கழித்துப் பழையவர் நல்லெண்ணத்தோடு வந்து, தம் பழைய குறிப்பைத் திருத்திய கணக்கின் மேலேயே எழுதிவிட்டுப் போகின்றார்! பதுக்கு நினைவகத்தில் இடம் போதாதபோது பழைய குறிப்புகள் தாமாகவே பிரதான நினைவகத்துக்குத் தள்ளப்படும். அவை எப்போது தள்ளப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலின் கணினி ஒரு நாள் ஒழுங்காக எழும். மறுநாள் பாதியில் நின்றுவிடும். பிழையைத் தேடுவதற்கென்று இடையில் ஒரு வரியை அச்சிடச் செய்தால் பிழையே மறைந்துவிடும். இத்தகைய பிழையைத் தேடி இரவுகளை இழந்த பொறியியலாளர் உலகெங்கும் உளர்.

கைத்தொலைபேசிகளிற் பெரும்பாலும் காணப்படும் 'ஆர்ம்' முறைவழியாக்கிகளுக்கு லினக்ஸ் இது குறித்துக் கண்டிப்பான விதி வகுத்திருக்கின்றது. ஒப்படைக்கும் வேளையில் முகவரி மாற்றும் பகுதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கரு வைக்கப்பட்ட இடம் முழுவதும் பதுக்கு நினைவகத்திலிருந்து பிரதான நினைவகத்துக்கு எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவுறுத்தல்களுக்குரிய பதுக்கு நினைவகத்தில் அக்கருவைப் பற்றிய பழைய குறிப்பு எதுவும் இருத்தலாகாது. இவ்வளவு விதித்தும் லினக்ஸ் நம்பிவிடுவதில்லை. தான் எழுதிய முதற் பக்க அட்டவணைகளுக்குரிய பழைய குறிப்புகளைத் தானே ஒருமுறை செல்லாதனவாக்கிக்கொள்கின்றது. புதிய கணக்கப்பிள்ளை கெட்டிக்காரர்!

அறிவுறுத்தல்களுக்கெனத் தனியே பதுக்கு நினைவகம் உண்டு என்றதைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலான முறைவழியாக்கிகளில் தரவுக்கு ஒரு கைப்புத்தகம், செய்ய வேண்டிய வேலைக்கு மற்றொன்று. நிலைபொருள் கருவை இறக்கும்போது அதனைத் தரவாகவே கையாளுகின்றது. அதுவே மறுகணம் அறிவுறுத்தலாகப் படிக்கப்பட வேண்டும். நம் மேசைக் கணினிகளிலுள்ள இன்டெல், ஏ.எம்.டி. வகைகளில் இவ்விரு புத்தகங்களையும் வன்பொருளே ஒத்துப்பார்த்துக்கொள்ளும். 'ரிஸ்க்-ஐந்து' எனும் வகையிலோ அப்பொறுப்பு நிரல் எழுதுவோனுடையது. அதற்கென 'ஃபென்ஸ்-ஐ' என்றோர் அறிவுறுத்தல் உண்டு. அதிலும் ஒரு நுணுக்கம்: அதை நிறைவேற்றும் கருவகத்துக்கு மட்டுமே அது பயன்படும். நான்கு கருவகங்கள் இருந்தால் நான்கும் தனித்தனியே அதனை நிறைவேற்றியாக வேண்டும்.

இது எங்கோ தொலைதூரத்து விவகாரம் என எண்ண வேண்டா. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கிய இந்த ரிஸ்க்-ஐந்து வகையைக் கொண்டே, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் 'சக்தி' எனும் முறைவழியாக்கியை உருவாக்கினர். 2018 இல் அக்குழுவின் சில்லு ஒன்று இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் தொழினுட்பத்தில் வார்க்கப்பட்டு, அதில் லினக்ஸும் ஓடியது. அதே ஆண்டில் சண்டிகருக்கு அருகே உள்ள அரச ஆலையில் 180 நானோமீட்டர் அளவில் மற்றொரு சில்லு வந்தது. சக்தியை அடிப்படையாகக் கொண்டு, விண்வெளிப் பணிக்கென இஸ்ரோவுடன் சேர்ந்து ஆக்கிய 'ஐரிஸ்' சில்லு 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. விண்ணில் சுற்றும் கருவி பாதியில் நின்றால், பொத்தானை மறுபடி அழுத்த அங்கே ஆளில்லை.

சக்தியின் வடிவமைப்பு எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கும் உயர்தர மாணவனும் அதை இறக்கிப் படிக்கலாம், கட்டணம் ஏதுமில்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை. கணினிக்குள் கணினியைப் பாவனை செய்யும் 'கெமு' என்ற மென்பொருளில் மாணவர் பலர் பழகுகின்றனர். அது பதுக்கு நினைவகத்தைப் பாவனை செய்வதில்லை. ஆகவே ஃபென்ஸ்-ஐ எழுத மறந்தவனது நிரலும் அங்கே பெரும்பாலும் செவ்வனே ஓடும். உண்மையான பலகையில் ஏற்றிய பின்னரே குட்டு வெளிப்படும். சிறு ரிஸ்க்-ஐந்து பலகைகள் இப்போது விற்பனைக்கு உள்ளன. பாடசாலை ஆய்வுகூடத்துக்கு ஒன்றேனும் வாங்கி வைத்தல் நன்று.

வீட்டில் லினக்ஸ் உள்ளவர்கள் 'எல்.எஸ்.சி.பி.யு.' என்ற கட்டளையைச் சிறிய எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். விடையின் இறுதிப் பகுதியில் எல்-1-டி, எல்-1-ஐ என இரு வரிகள் வரும். முன்னது தரவுக்குரிய கைப்புத்தகம், பின்னது அறிவுறுத்தலுக்குரியது. அவற்றின் அளவும் எதிரே இருக்கும்.