கரையோரக் காடும் நம் வீட்டு எண்ணெயும்



நான்கு சுவர்களுக்குள் பாடம் நடத்தியே காலம் கழிக்கும் என்னைப் போன்றவர்க்குப் பயணம் என்பது எப்போதேனும் கிட்டும் பேறு. 2024ஆம் ஆண்டு ஈகைப் பெருநாளுக்குப் பின், மத்ரஸா மீண்டும் திறப்பதற்கு முந்திய நாள்களில், அப்பேறு எனக்குக் கிட்டியது. கோலாலம்பூரில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், "மச்சான், இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவோர் பலர். நான் உங்களை ஒரு காட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்" என்றார். என் மனைவியும் பத்து வயது மகளும் உடன்வர, போர்னியோத் தீவின் வடபகுதியிலுள்ள சபா மாநிலத்திற்குப் புறப்பட்டோம். அங்கே கினபத்தாங்கான் ஆற்றில் படகேறிக் கண்டவற்றையும், காண முடியாமற்போனவற்றையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வானிலிருந்து தெரிந்த பசுமை

கோலாலம்பூரிலிருந்து சண்டக்கான் நகருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர விமானப் பயணம். விமானம் தாழ்ந்தபோது கீழே எங்கு நோக்கினும் பசுமை. "அத்தா, எவ்வளவு பெரிய காடு!" என்று மகள் வியந்தாள். "நன்றாகப் பாரம்மா, காட்டில் மரங்கள் வரிசை பிடித்தா நிற்கும்?" என்று கேட்டார் மைத்துனர். உற்று நோக்கினேன். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டதுபோல் வரிசை வரிசையாக ஒரே வகை மரம். அது காடன்று, எண்ணெய்ப்பனைத் தோட்டம். மலேசியத் தமிழர்கள் அதனைச் 'செம்பனை' என்பர்.

சண்டக்கானிலிருந்து சுக்காவ் என்னும் ஆற்றோரக் கிராமத்திற்குக் காரில் சென்றோம். இரண்டரை மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி இருமருங்கும் செம்பனைதான். சிவந்த பழக்குலைகளை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. சென்ற நூற்றாண்டில் இம்மண்ணின் பெருமரங்கள் வெட்டப்பட்டுச் சண்டக்கான் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றன. மரம் தீர்ந்த நிலத்தில், குறிப்பாக 1980களிலிருந்து, செம்பனை வேகமாகப் பரவியது.

ஆற்று மக்கள்

கினபத்தாங்கான் ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. சபாவில் இதுவே மிக நீண்டது. மலைகளில் தோன்றிச் சூலுக் கடலில் கலக்கிறது. இதன் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் 'ஓராங் சுங்கை' எனப்படுவர். மலாய் மொழியில் 'ஆற்று மக்கள்' என்பது அதன் பொருள். இவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எங்கள் படகை ஓட்டி வழிகாட்டிய நடுவயதுக்காரரும் அக்கிராமத்தவரே. முகம் தெரியாத தேசத்தில் அவர் ஸலாம் சொல்லி வரவேற்றபோது, பாதி அந்நியம் அப்போதே அகன்றுவிட்டது. அவர் மலாயில் பேச, மைத்துனர் தமிழில் சொன்னார்.

அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நான்கு மணிக்குப் படகேறினோம். மிதவை அங்கியை அணிவித்த வழிகாட்டி மூன்று விதிகளைச் சொன்னார்: எந்த விலங்கிற்கும் உணவு எறியக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, படகில் எழுந்து நிற்கக் கூடாது. ஆறு கலங்கித் தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரைமரங்கள் நீரின்மேல் கவிந்து நின்றன.

கண்ட காட்சிகள்

சற்றுத் தொலைவிலேயே வழிகாட்டி என்ஜினை நிறுத்திக் கையை உயர்த்திக் காட்டினார். ஒரு மரம் முழுவதும் குரங்குகள். ஆண் குரங்கின் மூக்கு வாய்க்குக் கீழே தொங்குமளவு நீண்டிருந்தது. வயிறோ பானைபோல் பருத்திருந்தது. இந்த நீள்மூக்குக் குரங்கு போர்னியோத் தீவிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இலைதழைகளைப் புளிக்க வைத்துச் செரிக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பையே அதன் பெருவயிற்றிற்குக் காரணம். ஒரு காலத்தில் இத்தீவை ஆளவந்த டச்சுக்காரர்களின் மூக்கையும் தொந்தியையும் கண்ட மக்கள், இதற்கு 'டச்சுக் குரங்கு' என்றே பெயரிட்டுவிட்டனர்! இதைக் கேட்டு என் மகள், விதியை மறந்து, உரக்கச் சிரித்துவிட்டாள்.

மேலே இருவாய்ச்சிப் பறவைகள் இரண்டு சிறகோசை எழும்பப் பறந்தன. போர்னியோவில் எட்டு வகை இருவாய்ச்சிகள் உண்டு. எட்டையும் இவ்வாற்றங்கரையில் காணலாமாம். இப்பறவையின் பேடை பெருமரப் பொந்தினுள் புகுந்து, சிறு துளை ஒன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் பறவை அத்துளை வழியே உணவூட்டும். ஆகவே, பொந்து விழுமளவு முதிர்ந்த மரம் இல்லையேல் அதற்குக் குடும்பமே இல்லை. பெருமரங்கள் வெட்டப்பட்டுவிட்ட இப்பகுதியில், மனிதரே மரப்பெட்டிகள் செய்து உயரத்தில் கட்டி வைத்திருக்கின்றனர்.

பின்னர் ஓர் அத்திமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ அசைந்தது. ஒராங்குட்டான்! தாயின் மார்பில் குட்டியொன்று பற்றிக்கொண்டிருந்தது. மலாயில் இப்பெயருக்குக் 'காட்டு மனிதன்' என்பது பொருள். ஒரு தாய் ஒரு குட்டியை ஈன்றபின் அடுத்ததை ஈனப் பெரும்பாலும் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். இழந்த எண்ணிக்கையை ஈடுசெய்வது இவ்வினத்திற்கு எளிதன்று. 2016இல் போர்னியோ ஒராங்குட்டான் மிகக் கடுமையான அழிவாபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சிறு கிளையாறுகளின் குறுக்கே கயிற்றுப் பாலங்கள் தொங்குவதையும் கண்டோம். கரையிலுள்ள பெருமரங்கள் கிளைகோத்து நின்ற காலத்தில் இக்காட்டு மனிதர் மரத்தின் வழியாகவே ஆற்றைக் கடந்தனர். மரம் போனபின், நீந்தவியலாத அவற்றிற்கு மனிதர் கட்டிய பாலம் இது.

ஒரு கேள்வியும் ஒரு விடையும்

இரண்டு மணி நேரத்தில் இத்தனை உயிரினங்களைக் கண்ட மகிழ்ச்சியில் நான் வழிகாட்டியிடம், "உங்கள் காடு எத்துணை வளமானது! கரையிலேயே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும்?" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. படகைத் திருப்பி, கரைமரங்கள் இடைவெளிவிட்ட ஓரிடத்திற்குக் கொண்டுசென்று நிறுத்தினார். அவ்விடைவெளியில் எட்டிப் பார்த்தோம். காடு அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பின்னால், வானிலிருந்து கண்ட அதே வரிசை மரங்கள்.

"உள்ளே என்று ஒன்று இங்கே இல்லை" என்றார் அவர். "நீள்மூக்குக் குரங்கு எக்காலத்திலும் இரவில் ஆற்றோர மரத்தில்தான் உறங்கும். ஆனால் மற்றவை அப்படியல்ல. என் பாட்டனார் நாள் முழுதும் துடுப்புப் போட்டாலும் இவ்வளவு விலங்குகளை ஒருசேரக் கண்டதில்லை என்பார். அன்று அவை பெருங்காடெங்கும் பரவியிருந்தன. இன்று இக்கரை மட்டுமே மிஞ்சியிருப்பதால் உங்கள் கண்ணுக்கு எளிதில் தெரிகின்றன."

சகோதரர்களே, அச்சொல் என்னைச் சுட்டது. நான் வளம் என்று வியந்தது உண்மையில் நெருக்கடி. வீடிழந்த மக்கள் வெள்ளக்காலத்தில் ஒரு பள்ளிவாசல் மேட்டில் கூடியிருப்பதைக் கண்டு, 'ஊர் எவ்வளவு கலகலப்பாக இருக்கிறது!' என்று ஒருவன் வியந்தால் எப்படியோ, அப்படியிருந்தது என் வியப்பு.

இக்கீழாற்றுப் பகுதியில் சுமார் 26,000 ஹெக்டேர் நிலம் 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரே பரப்பன்று, பத்துத் துண்டுகள். நூலறுந்து சிதறிய தஸ்பீஹ் மணிகளைப்போல் அவை ஆற்றின் இருபுறமும் கிடக்கின்றன. மணியிலிருந்து மணிக்குச் செல்ல யானைக்கு நூல் வேண்டும். அந்த நூல்தான் கரையோரக் காடு.

"அத்தா, யானை ஏன் வரவில்லை?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சேற்றில் பதிந்த தடங்களை மட்டுமே கண்டோம். நாங்கள் ஊர் திரும்பிய பின், அவ்வாண்டு ஜூன் மாதத்தில், போர்னியோ யானை அழிவாபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரமே எஞ்சியுள்ளன என்பது மதிப்பீடு. ஆபத்து வெறும் அச்சமன்று என்பதற்கு இம்மாநிலத்திலேயே சான்றுண்டு. மலேசியாவின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019 நவம்பர் 23 அன்று சபாவில் இறந்தது. அப்பெண் விலங்கிற்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'ஈமான்'.

குற்றவாளி யார்?

தோட்டக்காரர்களைத் திட்டிவிட்டு எழுந்துவிடுவது எளிது. ஆனால் வழிகாட்டி அவ்வாறு செய்யவில்லை. "என் அண்ணன் எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில்தான் படிக்கின்றனர்" என்றார். செம்பனை ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு மூன்று, நான்கு டன் எண்ணெய் தரும். சோயாவோ அதே நிலத்தில் ஒரு டன்கூடத் தராது. பறித்த பழம் விரைவில் கெட்டுவிடுமாதலால் தோட்டத்திற்கு அருகிலேயே ஆலையும் சாலையும் வந்துவிடுகின்றன. அவற்றோடு பிழைப்பும் வருகிறது.

சுக்காவ் கிராமத்தருகே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டமொன்று இருந்தது. பாலம் வந்தால் போக்குவரத்து எளிதாகும் என்று விரும்பியோர் உண்டு. யானைகள் நடமாடும் குறுகிய வழியைச் சாலை துண்டித்துவிடும் என்று சூழலியலாளர் எதிர்த்தனர். 2017 ஏப்ரலில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கவியலாது. இத்தகைய இடத்தில் மக்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டுவதே அறிவுடைமை. அருகிலுள்ள பத்து பூத்தே கிராமத்தார் தாமே விருந்தினரை வீட்டில் தங்கவைத்தும், படகோட்டியும், அழிந்த இடத்தில் மரம் நட்டும் வருகின்றனர். சுக்காவ் பகுதியிலும் பெண்கள் நாற்று வளர்த்து நடுகின்றனர். படகுக் கட்டணம் காட்டைக் காக்கும் கைகளைச் சென்றடைந்தால், அப்பயணத்திற்குப் பொருள் உண்டு.

கோலாலம்பூரில் ஏழு மணிக்கு மேல் வரும் மஃக்ரிப், அதே கடிகாரத்தில் கிழக்கேயுள்ள சபாவில் ஆறு மணியளவிலேயே வந்துவிடுகிறது. கரையேறி, வழிகாட்டியோடு தோள்சேர்ந்து நின்று தொழுதோம். விடைபெறும்போது அவர் சொன்னார்: "எங்கள் எண்ணெயை மிகுதியாக வாங்குவது உங்கள் நாடுதானே!"

உண்மைதான். உலகிலேயே பாமாயிலை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 75 லட்சம் டன்னுக்குக் குறையாமல், பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. தமிழக ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் கிடைக்கும் பாமாயில் பாக்கெட், கடைகளில் விற்கும் பிஸ்கட், குளியல் சோப்பு ஆகியவற்றிலெல்லாம் அது கலந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

ஏழைக் குடும்பத்தின் ரேஷன் எண்ணெயை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பாமாயிலை விட்டு உலகமே வேறு எண்ணெய்க்கு மாறினால், அதற்கு இதைவிடப் பன்மடங்கு நிலம் வேண்டும். அப்போது வேறொரு காடு விழும். ஆனால் ஒரு நோன்பு மாதத்தில் நம் தெருவில் எத்தனை சட்டி எண்ணெய் பொரிக்கப்படுகிறது. எத்தனை சட்டி சாக்கடையில் ஊற்றப்படுகிறது? ஒரு வலீமா விருந்தில் இலையோடு எவ்வளவு எறியப்படுகிறது? விரயம் கூடாது என்பது மத்ரஸாவில் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் முதற்பாடங்களில் ஒன்று. அப்பாடம் ஓதும் அறையோடு நின்றுவிடலாகாது, அடுப்படிக்கும் வரவேண்டும். வாங்கும் திறனுள்ளோர், காட்டை அழிக்காமல் விளைந்தது என்ற சான்றுள்ள பொருள்களைக் கேட்டு வாங்கலாம். கேட்போர் பெருகினால் விற்போரும் செவிசாய்ப்பர்.

அடுத்த ஆண்டு நோன்பில் ஒரு மாலை, என் மனைவி சமூசா பொரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டு தட்டு. அன்று ஒரு தட்டோடு அடுப்பை அணைத்துவிட்டார். மகள் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தா, இது அந்த ஆற்றங்கரையிலிருந்தா வந்தது?" என்று கேட்டாள்.

பாக்கெட்டில் அதற்கு விடை இல்லை. 'இல்லை' என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை. "வந்திருக்கலாம் அம்மா" என்றேன். அவள் பாக்கெட்டைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை வடியவிட்டாள்.

இப்பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் கண்ணுக்குத் தெரியாத தொலைவிலுள்ள காடும் அடக்கம் என்பதை அச்சிறுமி எனக்கு முன்பே உணர்ந்துவிட்டாள். நாமும் உணர்வோமாக! வஸ்ஸலாம்.