அடுப்படி ஒற்றுமை

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாயிற்று. மலாயாத் தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. கசப்புக் கிழங்கை எத்தனை நீர் மாற்றி அவிப்பது, மாவாக்கி எப்படி ரொட்டி சுடுவது என்பதை லயத்துப் பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தனர். பின்னாளிலும், மழையால் வெட்டு நின்ற நாட்களில், ஒரு வீட்டு முருங்கைக்கீரைக்கு மறுவீட்டு நெத்திலி கைமாறியது. கடைக்காரரின் கடன் புத்தகம் அந்த அளவுக்கேனும் இளைத்தது! ஆண்கள் இதைச் சங்கமென்று எண்ணவில்லை, நாம் எண்ணுகிறோம்.

தோட்டங்கள் விற்கப்பட்டு அடுக்குமாடிகளுக்குப் போனவர்களில் பலருக்கு முருங்கை நட ஒரு முழ மண்ணில்லை. மாற்று வீடு கேட்டுப் பேசுவோர், சுவரும் கூரையும் மட்டுமன்றி, காய்கறி போட நிலமும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டுக்கொன்று கிடைக்காவிடில், மாடிக்கட்டடத்துக்குப் பொதுவாக நாலு பாத்தியாவது வேண்டும்.