காலி அட்டையைக் காட்டினால் போதுமா?



முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அம்மா, படபடப்புக்கு அல்பிரசோலம் சாப்பிட்டு வந்தார். காலையிலும் மயக்கம் தெளியாமல் தள்ளாடி, குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பயந்துபோய் நாங்களே மாத்திரையை நிறுத்தினோம். இரண்டு இரவு பொட்டுத் தூக்கமில்லை. காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. சட்டென நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அப்புறம்தான் டாக்டர் சொல்லித் தெரிந்தது.

2014 முதல் அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எங்களுக்கோ காலி மாத்திரை அட்டையைக் காட்டினாலே கிடைத்தது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் புதுச்சேரிக் கடைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தள்ளாட்டம் வரலாம், கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று மாத்திரை எழுதும்போதே டாக்டர்கள் சொல்லட்டும்.

– ஒரு வாசகி, புதுச்சேரி